கூட்டுக்கு மேல் கட்டிய பட்டி

டொக்டர் எங்கள் மருந்துச்சாலைக்கு வந்த முதல் கிழமையே கதவில் ஓர் அட்டை தொங்கியது. அச்சரக்கூடு கட்டியிருப்பவர்கள் அதைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும் என்று கோணலில்லாத கையெழுத்தில் எழுதியிருந்தார். கயிறு இறுகிக் கையில் புண் வைத்த மீனவர் ஒருவர் முதல் நாள் வந்திருந்தார். மந்திரம் எழுதிய தகட்டைச் சுருட்டி அடைத்த அந்தச் சின்ன வெள்ளிக் கூட்டுக்குக் கீழே சீழ் பிடித்திருந்தது. டொக்டர் அவரை வரிசையில் நின்ற எல்லோருக்கும் முன்னால் ஏசினார். அடுத்த நாள் அட்டை வந்தது. இந்த மனிதர் திருகோணமலையில் ஆறு மாதம் தாக்குப்பிடித்தால் பெரிய காரியம் என்று நான் நினைத்தேன்.

நான் அங்கே தாதி. சனங்கள் மிஸி என்பார்கள். வயது இருபத்தொன்பது, கலியாணம் ஆகவில்லை, வாய் கொஞ்சம் நீளம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அப்பா சொல்லுவார். அம்மாவுக்கு அந்த நம்பிக்கை இருக்கவில்லை. ஊர் சல்லி என்கிற கரையோரக் கிராமம். உலக யுத்தம் வந்த பிறகு விரிகுடாவில் நினைத்த இடத்தில் வலை போடக் கூடாது என்று நேவிக்காரன் தடுத்துவிட்டதால் அப்பாவின் தோணி கரையில் கவிழ்ந்து கிடந்தது. வீட்டில் ஐந்து பேரும் என் சம்பளத்தில் சாப்பிட்டோம். அதுவும் யுத்தகாலத் தற்காலிக வேலை. டொக்டர் நல்லபடி எழுதிக் கொடுத்தால்தான் நிரந்தரமாக்குவார்கள். இதை மறந்து நான் ஒருநாளும் நித்திரைக்குப் போனதில்லை.

மருந்துச்சாலை ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் இருந்தது. ஜன்னலால் பார்த்தால் உள் துறைமுகமும், சாம்பல் நிறக் கப்பல்களும், அவற்றுக்கிடையே வண்டு மாதிரி ஓடித்திரியும் சின்ன லோஞ்சுகளும் தெரியும். அந்த ஜன்னலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எண்ணெயும் உப்பும் கலந்த காற்று மணக்கிறது. பயம் நிறைந்த காலம்தான். ஆனாலும் என் வாழ்க்கையில் வேலைக்குப் போக ஆசையாய் எழும்பிய காலம் அதுதான் என்பதை மறைத்து என்ன பயன்.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பதை எட்டவில்லை. மனைவியையும் பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டுத் தனியே வந்திருந்தார். ஏசுவாரே தவிர வஞ்சகம் இல்லாதவர். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. மனிதனுடைய இரண்டு சிறுநீரகங்களுக்கும் தொப்பி போட்டதுபோல இரண்டு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன, பயம் வந்தால் அவை ஓமோன் என்கிற ஒரு சுரப்பு நீரை இரத்தத்தில் விடுகின்றன, அது நாளங்களை இறுக்கி அழுத்தத்தை ஏற்றுகிறது என்று தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் எனக்குச் சொல்லுவார். இதுவரை மற்றவர்களும் அறிந்தது. அவருடைய கேள்வி வேறு. பயம் போன பிறகும் அழுத்தம் இறங்காமல் நின்றுவிட்டால் இதயத்துக்கு என்ன நடக்கும்? அதை அளந்து, எழுதி, ஒரு மருத்துவச் சஞ்சிகையில் தன் பெயரோடு பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. கூடப் படித்தவர்கள் எல்லாம் கொழும்பில் பெரிய இடங்களில் இருந்தார்கள். இவர் மலை ஏற்றத்தில் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தார். கட்டுரை ஒன்றுதான் அவருக்கு இருந்த வழி.

துறைமுகத்து டொக்கியாட்டில் கப்பல் வேலை செய்கிற ஆண்களையும் கரையோர மீனவர்களையும் அவர் தெரிந்தெடுத்தார். மாதம் ஒருமுறை வந்து பிரஷர் பார்த்துக்கொண்டு போக வேண்டும். திரைக்குப் பின்னால் ஒரு கதிரை, ஒரு மேசை, மேசையில் பாதரசக் குழாய் பொருத்திய பெட்டி. நான் பட்டியைக் கையில் சுற்றி, பந்தை அமுக்கிக் காற்றடித்து, காதுக்குழாயை முழங்கை மடிப்பில் வைத்துக் கேட்டு எண்ணைச் சொல்லுவேன். திரைக்கு இந்தப் பக்கம் இருந்து அவர் கொப்பியில் எழுதுவார். எப்போதும் வலது கை என்பது அவர் போட்ட விதி. முறை மாறினால் கணக்கு மாறும் என்பார். சனங்களுக்கும் அது வசதி. பெரிய மனிதருக்கு முன்னால் இடது கையை நீட்டுவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை.

நாற்பத்திரண்டாம் ஆண்டு சித்திரையில் ஒரு காலை ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டான். அதைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் மேசைக்குக் கீழே கிடந்து கோணேசரைக் கூப்பிட்டேன் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். எண்ணெய்த் தாங்கி ஒன்று நாள் கணக்கில் எரிந்தது. சனங்கள் பாயும் பானையுமாய் விரிகுடாவுக்கு அக்கரையில் இருக்கிற மூதூருக்கும் ஈச்சிலம்பற்றுக்கும் போய்விட்டார்கள். ஆள் இல்லாத தெருக்களில் மான்கள் இறங்கி நடந்தன. ஒரு மான் மருந்துச்சாலை வாசல்வரை வந்து, உரிமைக்காரர் மாதிரி அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

இரண்டு கிழமையில் டொக்கியாட்டு ஆட்கள் வேலைக்குத் திரும்பினார்கள், குடும்பங்களை அக்கரையில் விட்டுவிட்டு. டொக்டர் இரண்டு நாள் லீவில் யாழ்ப்பாணம் போய் மனைவி பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் கொப்பியைத் திறந்தார். குண்டுக்கு முந்திய கணக்கு அவரிடம் இருந்தது. இனி அதே ஆட்களைக் கிழமைக்கு ஒருமுறை திரும்பவும் அளந்தால் போதும். ஒரே ஊரில், ஒரே காலையில், ஒரே காரணத்துக்காக எல்லோரும் பயந்திருக்கிறார்கள். இப்படியொரு சந்தர்ப்பம் எந்த ஆராய்ச்சிக்காரனுக்குக் கிடைக்கும் என்றார். சொன்ன பிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். அவருக்கும் அந்தப் பேச்சு அசிங்கமாய்ப் பட்டது.

ஆட்கள் வந்தார்கள். முதலாவது மனிதர் திரைக்குப் பின்னால் இருந்து சேட்டுக் கையை மடித்தபோது புத்தம்புதிய அச்சரக்கூடு மின்னியது. இரண்டாமவருக்கும் இருந்தது. மூதூரில் இருந்து வந்த முஸ்லிம் மனிதர் கட்டியிருந்தது அரபு எழுத்து அடைத்த இசிம் கூடு. வேதம் வேறு, பயம் ஒன்று. அத்தனையும் வலது கையில், பட்டி சுற்ற வேண்டிய அதே இடத்தில். கட்டிவிட்டவர் கையால்தான் அதை அவிழ்க்க வேண்டும், அதுவும் ஒரு மண்டலம் கழிந்த பிறகு. பிறர் கண் படவும் கூடாது. கதவில் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, கையை மறைத்துக்கொண்டு, ஏச்சு வாங்கப் போகிறோம் என்ற முகத்தோடு அவர்கள் வந்திருந்தார்கள். கழற்றச் சொன்னால் எழும்பிப் போய்விடுவார்கள். போனால் மருந்துக்கும் வரமாட்டார்கள்.

நான் கழற்றச் சொல்லவில்லை. கூட்டில் கை வைக்கமாட்டேன், டொக்டருக்கும் சொல்லமாட்டேன் என்று ஒவ்வொருவருடைய காதிலும் சொன்னேன். கூட்டுக்கு மேலேயே பட்டியைச் சுற்றினேன். என் இடது கையிலும் சட்டைக்குள்ளே அம்மா கட்டிவிட்ட கூடு ஒன்று இருந்தது. அவர்களை ஏச எனக்கு என்ன யோக்கியதை. வேட்டிக்கு மேலே சால்வையைச் சுற்றினால் இடுப்பு மாறிவிடுமா, இதுவும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

எண்கள் ஏறின. ஒவ்வொருவருக்கும் ஏறியிருந்தது, இறங்கவும் இல்லை. டொக்டருக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. மருந்துச்சாலை பூட்டிய பிறகும் தட்டச்சு இயந்திரத்தில் இரண்டு விரலால் குத்திக்கொண்டிருப்பார். ஆனால் அந்தச் சந்தோஷத்தில் ஒரு அவசரம் இருந்தது. முகம் வாடியிருந்தது. மத்தியானப் பாணுக்கு அவர் விரும்பித் தின்கிற சம்பலை விட்டுவிட்டார். உப்புக் கூடாது என்றார். அந்த வெக்கையிலும் நீளக் கைச் சேட்டைப் பொத்தான் பூட்டியே போட்டார். காலையில் நான் வரும்போது பிரஷர் பெட்டி திறந்து கிடக்கும். வீட்டு நினைப்பாக்கும் என்று நான் அவரைப் பகிடி பண்ணினேன். அவர் சிரிக்கவில்லை.

வைகாசி முடியும் நேரம். கட்டுரை முடிந்து, பெரிய கடித உறையில் முகவரி எழுதி, வெள்ளிக்கிழமைத் தபாலுக்காக அலுமாரிக்கு மேலே இருந்தது. அன்று செவ்வாய். சல்லியில் எங்கள் அயலவர், டொக்கியாட்டில் சுமை தூக்குகிறவர், வந்து திரைக்குப் பின்னால் இருந்தார். மண்டலம் கழிந்து கூட்டை அவிழ்த்துவிட்டார்கள். வெறும் கை. பட்டியைச் சுற்றிப் பார்த்தேன். எண் அப்படியே கீழே இறங்கி, குண்டுக்கு முந்திய இடத்தில் நின்றது. திரும்பப் பார்த்தேன். அதே எண். ஏதும் நல்ல செய்தியோ என்று கேட்டேன். நேற்றுப் பக்கத்துக் கட்டிடத்தில் ஆள் விழுந்து செத்தது, நான் பார்த்துக்கொண்டு நின்றேன், நித்திரை இல்லை என்றார்.

 மத்தியானம் எல்லோரும் போன பிறகு என் இடது கையில், கூட்டுக்கு மேலே பட்டியைச் சுற்றிப் பார்த்தேன். பிறகு வலது கையில். இரண்டு கையும் இரண்டு ஆளுடையது மாதிரி இருந்தது. அதுவும் போதாதென்று, என் தையல் பையில் இருந்த ஊசிக்கூட்டை எடுத்து வலது கையில் வைத்து, அதற்கு மேல் சுற்றினேன். எண் ஏறியது. எடுத்தேன், இறங்கியது. பட்டி தோலோடு ஒட்டாமல் கூட்டின் மேல் தூக்கி நின்றதால், கூடக் காற்று அடித்தால்தான் நாளம் அடங்குகிறது. கட்டுரை முழுவதும் பயத்தின் கணக்கு என்று டொக்டர் எழுதியது வெள்ளிக்கூட்டின் கணக்கு. கட்டினது நான்.

அந்த உறையைப் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் வேலை செய்தேன். சொன்னால் அவருடைய ஒரே வழி போய்விடும், என் வேலையும் போகும், வீட்டில் ஐந்து வயிறு. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. திரைக்குப் பின்னால் நடந்தது எனக்கும் அந்த ஆட்களுக்கும் மட்டும்தான் தெரியும், அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். அம்மாவிடம் சொன்னேன். அம்மா, வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விடாதே என்றா. எனக்கு அம்மா சொன்னது சரியாகவே பட்டது. ஆனால் அந்த மனிதர் உறையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவதைக் காண எனக்கு ஏலாமல் இருந்தது. பொய்யை அல்லவா அப்படித் தடவுகிறார்.

வெள்ளிக்கிழமை காலை நேரத்தோடு போனேன். அவர் ஏற்கெனவே வந்திருந்தார். நான் இருக்கவில்லை, நின்றுகொண்டே சொன்னேன்.

“டொக்டர், அந்தத் தபாலை அனுப்பாதேங்கோ. சித்திரைக்குப் பிறகு நான் எடுத்ததெல்லாம் பிழை. எல்லாற்றை கையிலையும் கூடு இருந்தது. நான் அதுக்கு மேலைதான் பட்டியைக் கட்டினனான்.”

“எல்லாருக்குமோ?”

“ஓம். எல்லாருக்கும்.”

ஊசிக்கூட்டை வைத்துப் பார்த்ததையும் சொன்னேன். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் எனக்கும் பதில் சொல்ல வாய் இருந்தது. அவர் ஏசவில்லை.  வலது கைச் சேட்டின் பொத்தானைக் கழற்றி, தோள்வரை மடித்தார். அங்கே ஒரு கூடு இருந்தது. கறுப்புக் கயிறு, வெள்ளிக் கூடு, எங்கள் ஆட்கள் கட்டியிருந்ததுபோலவே.

“மனிசி கட்டிவிட்டவ. பிள்ளையளுக்கு முன்னாலை அழுதுகொண்டு கட்டினா, என்னாலை வேண்டாமெண்டு சொல்ல ஏலாமல் போச்சுது,” என்றார். “நானும் இதுக்கு மேலைதான் கட்டினனான், மிஸி.”

ஒவ்வொரு காலையும் தன் பிரஷரைத் தானே பார்த்திருக்கிறார். விதிப்படி வலது கையில். சின்னக் கூடுதானே, என்ன செய்யப்போகிறது என்று அவரும் நினைத்திருக்கிறார். எண்ணைக் கண்டு, தனக்கு முற்றிய நோய், கனநாள் இல்லை என்று முடிவுகட்டி, காணி உறுதிப் பத்திரங்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று மனைவிக்குக் கடிதம்கூட எழுதி வைத்திருந்தார். தபாலில் போடத்தான் மனம் வரவில்லை. அந்தச் சம்பல், அந்த நீளக் கை, அந்த அவசரம் எல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. பகிடி பண்ணியதை நினைத்து வெட்கப்பட்டேன்.

அவர் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தார்.

“இடது கையை நீட்டுறன். குறை நினையாதேங்கோ.”

பட்டியைச் சுற்றினேன்.  எண்ணைச் சொன்னேன். இன்னொருமுறை பார்க்கச் சொன்னார். மூன்றாம் முறையும் பார்க்கச் சொன்னார். சுத்தமாக நல்ல எண் என்று சொல்ல முடியாது, கொஞ்சம் கூடத்தான். ஆனால் காணி உறுதி தேடுகிற எண் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார். பிறகு எழும்பிப் போய், கதவில் இருந்த அட்டையைக் கழற்றி, இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். உறையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மத்தியானம் சம்பல் வாங்கிவரச் சொன்னார்.

அதன் பிறகு, கூடு இல்லாத இடது கையில், எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கினோம். டொக்கியாட்டு ஆட்களோடு நிற்காமல், ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மூதூருக்கு லோஞ்சில் போனோம். அங்கிருந்து மாட்டு வண்டியில் ஈச்சிலம்பற்றுக்கு. முன்பு அளந்த மீனவர்களும் அகதியாய் ஒதுங்கியிருந்த மற்றவர்களும் புளியமர நிழலில் வரிசையாய் இருப்பார்கள். டொக்டருக்கு இடது கையை நீட்டக் கூச்சப்பட்டவர்களுக்கு அவரே முதலில் தன் இடது கையை நீட்டிக் காட்டுவார். மற்றக் கையில் சேட்டு முட்டி நிற்கிற இடத்தைத் தொட்டு, இங்கையும் ஒண்டு இருக்குது, இருக்கட்டும் என்பார். சனங்கள் சிரித்துவிட்டுக் கையைத் தருவார்கள். திரும்பி வரும்போது யாராவது எங்களுக்கு வறுத்த கச்சான் கடலையோ கருவாட்டுப் பொட்டலமோ தந்துவிடுவார்கள். மாலை வெயிலில் விரிகுடாவைக் கடந்து வருகையில் அவர் கணக்குகளைக் கூட்டிக்கொண்டிருப்பார், நான் கச்சான் தின்றுகொண்டிருப்பேன். அந்தக் கடல் பயணங்கள் திரும்பவும் கிடைக்கும் என்றால் நான் என்ன வேண்டுமானாலும் தருவேன்.

ஏற்றம் இருந்தது. ஆனால் சிறியது. பலருக்குச் சில கிழமைகளில் இறங்கிவிட்டது. சிலருக்கு மட்டும் இறங்கவே இல்லை. முதல் எழுதிய கட்டுரை ஊரை அதிர வைத்திருக்கும். இது இரண்டாம் பார்வைக்கு மட்டும் படுகிற சின்னக் கட்டுரை. அதை எழுதி முடிக்க முன்னர் அவருக்கு இடமாற்றம் வந்துவிட்டது. போகும்போது எனக்கு நிரந்தர வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் கூட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள் சஞ்சிகை தபாலில் வந்தது. மருந்துச்சாலைப் படியில் நின்றே அவருடைய பக்கங்களைத் தேடி வாசித்தேன். என் ஆங்கிலம் மருந்துப் போத்தல் அளவுக்குத்தான், ஆனாலும் விளங்கியது. அளந்த முறையைச் சொல்கிற இடத்தில், குண்டுக்குப் பிந்திய முதல் அளவைகள் முழுவதும் கழிக்கப்பட்டன என்று இருந்தது. கையில் கட்டியிருந்த அச்சரக்கூட்டுக்கு மேல் பட்டி சுற்றப்பட்டதே காரணம், அந்தப் பிழை கட்டுரையாளருடையது என்று இருந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம். உலகமெல்லாம் வாசிக்கிற இடத்தில், தன் பெயருக்குக் கீழே, செய்யாத பிழையை எழுதி வைத்திருக்கிறாரே. அன்றைக்கே கடிதம் எழுதினேன். எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, யாரும் என்னைக் காப்பாற்ற வேண்டிய தேவை இல்லை, பட்டியைக் கட்டியது நான், உண்மையை எழுதத்தானே இவ்வளவும் பாடுபட்டோம் என்று சுடச்சுட எழுதினேன்.

பதினைந்து நாளில் ஒரு தபாலட்டை வந்தது. அதே கோணலில்லாத எழுத்து. மனைவி கூட்டை அவிழ்த்துவிட்டார், இப்போது இரண்டு கையும் ஒரே எண்தான் சொல்கின்றன என்று முதல் வரியில் இருந்தது. பிறகு இப்படி எழுதியிருந்தார்: “பட்டியைக் கட்டியது நீங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் கதவில் அந்த அட்டையைத் தொங்கவிட்டவன் நான். அதற்குப் பிறகு யார் என்னிடம் கையைக் காட்டுவார்கள்? நானே என் கையை உங்களுக்கு மறைத்தேனே. உண்மையைத்தான் எழுதியிருக்கிறேன்.”

வரிசையில் நின்றவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். என்ன மிஸி, கெட்ட செய்தியோ என்று ஒருவர் கேட்டார். இல்லை என்றேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, முதல் ஆளைத் திரைக்குப் பின்னால் இருத்தி, எந்தக் கையில் கூடு இருக்கிறது என்று கேட்டேன்.